தோட்டம் இருக்கிறது, துரவு இருக்கிறதா? கோஸ்டீயா கவுண்டியில் நிலம் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

கொலராடோ மாநிலத்தின் தென்கோடியில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி கோஸ்டீயா என்று ஒரு கவுண்டி இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் கோஸ்டில்லா என்று வாசிக்கத் தோன்றும். ஸ்பானியப் பெயர் என்பதால் கோஸ்டீயா என்றுதான் சொல்வார்கள். டென்வரிலும் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு துண்டு நிலம், நாலு கோழி, கொஞ்சம் காய்கறி என்று ஆசை வந்து இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுவது இந்தக் கவுண்டியின் மனைகள்தான். விலை அவ்வளவு குறைவு.

நானும் என் கணவரும் 2018 வசந்தத்தில் இங்கே நிலம் வாங்கினோம். அதிலிருந்து பொங்கல் கூட்டமானாலும் பிறந்தநாள் வீடானாலும் யாராவது ஒருவர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. விதிகள் மாறும், மனைக்கு மனையும் வேறுபடும். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மனை எண்ணைச் சொல்லி உரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

1. ஹோம்ஸ்டெட்னா அரசாங்கம் இலவசமா நிலம் கொடுக்குமே, அதுதானே?

இல்லை, அந்தக் காலம் முடிந்துவிட்டது. லிங்கன் 1862-இல் கையெழுத்திட்ட சட்டப்படி, 160 ஏக்கரில் 5 வருடம் குடியிருந்து பயிர் செய்தவருக்கு அந்த நிலம் சொந்தமானது. 1976-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அலாஸ்காவில் மட்டும் இன்னும் 10 வருடம் நீடித்தது. இன்று ஹோம்ஸ்டெட் என்றால், சொந்த நிலத்தில் முடிந்தவரை சொந்த உழைப்பில் சாப்பிட்டு வாழ்வது என்று பொருள். கடன்காரர்களிடமிருந்து குடியிருக்கும் வீட்டைக் காக்கும் ஒரு சட்டச் சலுகைக்கும் இதே பெயர் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் மொழியில் இதற்கு அழகான சொல் ஒன்று உண்டு: தோட்டம் துரவு. துரவு என்றால் கிணறு. நிலத்தைச் சொல்லும்போதே கிணற்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். கோஸ்டீயாவைப் பற்றி நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது சொல்லைப் பற்றித்தான்.

2. நிலம் நல்லா இருந்தா போதாதா? கவுண்டியை எதுக்குப் பார்க்கணும்?

நம்மூர் தாலுகா அலுவலகம், பஞ்சாயத்து, பத்திரப் பதிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தால் எப்படியோ, அப்படித்தான் இங்கே கவுண்டி. எங்கே வீடு கட்டலாம், கழிவுத் தொட்டி எப்படி அமைய வேண்டும், எந்தச் சாலையை யார் பராமரிப்பார்கள், சொத்து வரி எவ்வளவு, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. தண்ணீர் மட்டும் மாநிலத்தின் கையில். ஒரே மாதிரி மண் உள்ள இரண்டு நிலங்கள் கவுண்டி எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தால், ஒன்றில் நீங்கள் நினைத்த வாழ்க்கை நடக்கும், இன்னொன்றில் நடக்காது.

கோஸ்டீயா ஏறக்குறைய 3,190 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 3,499 பேர். தலைநகரம் சான் லூயிஸ், 1851-இல் உருவான சின்ன ஊர், கொலராடோவிலேயே பழையது. மெக்சிகோ ஆட்சிக் காலத்தில், 1844-இல் தனியாருக்கு மானியமாகக் கொடுத்த நிலம் இது. அதனால் கொலராடோவின் மற்ற மலைப் பகுதிகளில் இருப்பது போன்ற அரசுக் காடு இங்கே கிடையாது. ஏறக்குறைய எல்லாமே தனியார் நிலம். பக்கத்துக் காட்டில் விறகு பொறுக்கலாம், மாட்டை மேய விடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

3. 5 ஏக்கர் வெறும் சில ஆயிரம் டாலர்னு போட்டிருக்காங்க. ஏமாத்து வேலையா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. நிலம் உண்மையிலேயே இருக்கும், பத்திரமும் இருக்கும். விலை ஏன் குறைவு என்பதை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் 1969-இல் இங்கே டிரின்செரா என்ற பெரிய பண்ணையை வாங்கினார். அதன் ஒரு பகுதி மனைகளாகப் பிரிந்து நாடு முழுவதும் விற்பனைக்குப் போனது. சமவெளியிலும் வேறு சிலர் இதே மாதிரி பிரித்து விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் நிலத்தை நேரில் பார்த்ததே இல்லை. வரைபடத்தில் தெரு இருக்கும். போய்ப் பார்த்தால் முட்புதர்தான் இருக்கும்.

அந்த மனைகள்தான் இப்போது கைமாறிக் கைமாறி வருகின்றன. பல மனைகளுக்கு மின்கம்பி கிடையாது, சாலை கிடையாது, தோட்டத்துக்குப் பாய்ச்சும் உரிமையுள்ள தண்ணீர் கிடையாது. விலை குறைவுக்கு இந்த மூன்றும் காரணம், அதிலும் முக்கியமாக மூன்றாவது.

4. போர் போட்டா தண்ணி வந்துடாதா? நம்ம நிலம், நம்ம கிணறு.

இந்த இடத்தில்தான் நாங்களும் சறுக்கினோம். கரிசல்காட்டில் பிறந்தவள் நான். தண்ணீர் வருமா வராதா என்பதுதான் எனக்குத் தெரிந்த கவலை. தண்ணீர் கையெட்டும் ஆழத்தில் இருந்தும் அதைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

கொலராடோவில் நிலத்தடி நீர் நில உரிமையாளருக்குச் சொந்தமில்லை. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது 1876-ஆம் ஆண்டு முதல் மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இந்தக் கவுண்டி இருக்கும் ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையில் உள்ள தண்ணீரை விட, எழுதிக் கொடுத்த உரிமைகள் அதிகம். போதாததற்கு கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மூன்றும் 1938-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கீழ் மாநிலங்களுக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும். காவிரிப் பங்கீட்டைப் பேசி வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமம் இல்லை.

அதனால் 35 ஏக்கருக்குக் குறைந்த மனையில் புதிதாகக் கிணறு போட்டால், வழக்கமாகக் கிடைப்பது வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் அனுமதி. அதுவும் 1972 ஜூன் 1-க்கு முன் பிரித்த மனையா என்பது போன்ற நிபந்தனைகளோடு. குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். ஒரு தக்காளிச் செடிக்கு ஊற்றக் கூடாது, கோழிக்கு வைக்கக் கூடாது, வெளியே குழாய் வைத்து வண்டி கழுவக் கூடாது. எங்களிடம் விற்றவர் விளம்பரத்தில் ‘கிணற்று அனுமதி கிடைக்கும்’ என்று எழுதியிருந்தார். அது பொய்யில்லை. நாங்கள் பாத்திக்குக் கயிறு கட்டி முளையடித்த பிறகு அந்த அனுமதித் தாள் வந்தது. ‘வீட்டுக்குள் மட்டும்’ என்ற வரியை என் கணவர் சத்தமாக வாசித்தார். நான் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

5. 35 ஏக்கர், 35 ஏக்கர்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

மேலே சொன்னதன் மறுபக்கம். 35 ஏக்கரோ அதற்கு மேலோ இருக்கும் மனைக்கு வீட்டு உபயோகத்தோடு 1 ஏக்கர் வரை தோட்டம் பாய்ச்சவும், சொந்த ஆடு மாடு கோழிக்குத் தண்ணீர் காட்டவும் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. நிமிடத்துக்கு 15 கேலன் என்பது உச்சவரம்பு. ஒரு குடும்பம் சாப்பிட 1 ஏக்கர் தோட்டம் தாராளம்.

34.9 ஏக்கர் என்றால் 35 ஆகாது. அளவையில் சாலைக்குப் போன பகுதி கழிந்துவிட்டதா என்று பாருங்கள். பக்கத்து 5 ஏக்கர் மனைகளை ஏழெட்டாக வாங்கிச் சேர்த்தால் 35 ஆகிவிடுமா என்று கேட்கிறார்கள். அதற்குக் கவுண்டி முறைப்படி மனைகளை ஒன்றாக்க வேண்டும், மாநில நீர்வளப் பிரிவும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பதிலும் எழுத்தில் கைக்கு வராமல் வாங்கத் தொடங்காதீர்கள்.

அப்புறம், அனுமதி என்பது வெறும் தாள். ஆழம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பல நூறு அடி போக வேண்டும், அடிக்கணக்கில்தான் கூலி. சுற்றுவட்டாரக் கிணறுகளின் ஆழமும் ஊற்றும் மாநிலப் பதிவேட்டில் இருக்கும், யாரும் பார்க்கலாம்.

6. மழைத்தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கலாமே?

சட்டம் 2016-இல்தான் தளர்ந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர். அதைத் தோட்டத்துக்கு ஊற்றலாம். கிணற்று அனுமதிக்குத் தகுதியுள்ள கிராமத்து வீடுகள் கூரைத் தண்ணீரை இன்னும் அதிகமாகச் சேர்க்க 2009-இல் வந்த தனிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தத் தண்ணீரைக் கிணற்று அனுமதி எதற்கு இடம் தருகிறதோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். ஆக 4-ஆம் பதிலில் சொன்ன கட்டு இங்கேயும் தொடர்கிறது.

பிடிக்க மழையும் வேண்டுமே. பக்கத்து ஊரான அலமோசாவில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 180 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில் மாலை இடியோடு கொட்டிவிட்டுப் போய்விடும்.

7. லாரித் தண்ணி வாங்கிக் காலத்தை ஓட்ட முடியாதா?

வீட்டுச் செலவுக்கு ஓட்டலாம். பலர் தரைக்கடியில் தொட்டி வைத்து அப்படித்தான் வாழ்கிறார்கள். பிக்கப் வண்டியில் தொட்டி ஏற்றிப் போய் நிரப்பிக்கொண்டு வருவார்கள். 500 கேலன் தண்ணீர் ஏறக்குறைய 1,900 கிலோ எடை. எல்லா வண்டியும் தாங்காது.

தோட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிப் பாத்திக்கு வாரம் 1 அங்குலம் தண்ணீர் என்றால் 623 கேலன். 12 வாரத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கேலன் வரும். வாரா வாரம் இரண்டு நடை. இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் 1 அங்குலம் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் இடத்தில் அந்தத் தண்ணீரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

8. சான் லூயிஸ் பக்கம் ‘வாய்க்கால் தண்ணி உண்டு’ன்னு சில நிலம் ரொம்ப விலைக்கு வருதே, அது ஏன்?

அதுதான் இந்தக் கவுண்டியின் உயிர். குலேப்ரா ஓடையிலிருந்து பிரியும் மண் வாய்க்கால்களை இங்கே அசேக்கியா என்கிறார்கள். குலேப்ரா என்றால் ஸ்பானிய மொழியில் பாம்பு. முதலாவது வாய்க்காலான சான் லூயிஸ் மக்கள் வாய்க்காலின் உரிமைத் தேதி 1852 ஏப்ரல் 10. கொலராடோவில் இன்றுவரை தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும் உரிமைகளில் அதுதான் மூத்தது. தண்ணீர் குறையும் வருடத்தில் இளைய உரிமைக்காரர்களின் மடை முதலில் அடைபடும், மூத்தவருக்குக் கடைசியில்தான். அதனால் உரிமைத் தேதி பழையதாக இருந்தால் விலையும் ஏறும்.

அசேக்கியாவை நடத்துபவர் மயோர்தோமோ. நம்மூர் நீர்க்கட்டி செய்யும் வேலைதான்: யாருக்கு எந்த நாள், எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார். வசந்தத்தில் பங்காளிகள் எல்லாரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். குடிமராமத்து என்று நாம் புத்தகத்தில் படித்தது இங்கே நடந்துகொண்டிருக்கிறது. நிலங்களும் ஓடையிலிருந்து மேட்டுக்கு ஓடும் நீளமான ரிப்பன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் ஈரப் புல்வெளி, கொஞ்சம் பயிர்நிலம், கொஞ்சம் மேடு வர வேண்டும் என்று அப்படி அளந்திருக்கிறார்கள்.

முதல் மனையை அப்படியே விட்டுவிட்டு, சில வருடம் சேமித்து இந்த மாதிரி ஒரு துண்டு வாங்கினோம். எங்கள் முதல் முறை விடியற்காலை 4 மணிக்கு வந்தது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மடைப் பலகையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் காய்ந்த சருகையும் குச்சியையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நுரையோடு தண்ணீர் வாய்க்காலில் ஊர்ந்து வந்தது. எலி வளை ஒன்றில் புகுந்து மொத்தமும் அதற்குள்ளேயே இறங்கத் தொடங்கியது. பக்கத்துத் துண்டுக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் வந்து, ஒரு புல்கட்டியை வெட்டி அதன் வாயில் வைத்து மிதித்துவிட்டுப் போனார். என் அப்பா வரப்பில் செய்வது அப்படியே அதேதான்.

ஒரு எச்சரிக்கை: இங்கே தண்ணீர் உரிமையும் நிலமும் தனித்தனிச் சொத்து. நிலத்தை உங்களுக்கு விற்றுவிட்டு உரிமையை வேறொருவருக்கு விற்கலாம். வாய்க்கால் நிலத்தை ஒட்டி ஓடுவதால் தண்ணீர் உங்களுக்கு ஆகாது. பத்திரத்தில் உரிமை எழுதியிருக்க வேண்டும். 2009-இல் வந்த அசேக்கியாச் சட்டப்படி, உரிமை விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கும் வாய்ப்பை அசேக்கியாவே வைத்துக்கொள்ளவும் முடியும். அதனால் மயோர்தோமோவிடம் பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

9. என்னென்ன விளையும்? முருங்கை, வெண்டை வருமா?

முருங்கை, வாழை ஆசையை விட்டுவிடுங்கள். உறைபனி இல்லாத நாட்கள் வருடத்துக்கு மூன்று மாதம்தான், அதையும் நம்பி இருக்க முடியாது. வெண்டை, கத்தரி, மிளகாய்க்குப் பசுமைக்குடில் வேண்டும்.

நன்றாக வருவது உருளைக்கிழங்கு. இந்தக் கவுண்டி இருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் பணப்பயிரே அதுதான், கூடவே பார்லியும் குதிரைமசாலும். பூண்டு, பட்டாணி, காரட், முள்ளங்கி, பசலை எல்லாம் அருமையாக வரும். எங்கள் வீட்டில் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை குறைவில்லாமல் வந்தன. ஊரில் வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும் கொத்தமல்லி இங்கே நின்று நிதானமாக வளர்கிறது. உள்ளூர்க்காரர்கள் பொலீட்டா என்று ஒரு வெளிர் நிறப் பயறு வைத்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக விதை காத்தது. குழம்புக்கு மொச்சை மாதிரி கெட்டியாக நிற்கும். விதையை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். வேறு எந்தக் கடை விதையும் இந்தக் குளிருக்கும் இந்த மண்ணுக்கும் அவ்வளவு பழகியிருக்காது.

10. குளிர் ஊட்டி மாதிரி இருக்குமா?

உயரத்தில் ஊட்டியை மிஞ்சும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், சான் லூயிஸ் சுமார் 2,430. குளிரில் ஒப்பிடவே முடியாது. அலமோசாவில் ஜனவரி இரவுகள் சராசரியாகவே மைனஸ் 18 செல்சியஸை ஒட்டி இருக்கும். 1948 ஜனவரியில் மைனஸ் 45 வரை போனது. குழாய் உறையும், வண்டி பேட்டரி படுத்துவிடும், கோழித் தண்ணீர் அரை மணியில் கல்லாகிவிடும். பகலில் வெயில் பளிச்சென்று இருக்கும். தெற்கே பெரிய ஜன்னல் வைத்த வீட்டில் நடுப்பகலில் அடுப்பே வேண்டாம்.

சமையலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழைய நெடுநேரம் ஆகும். குக்கர் இல்லாமல் வராதீர்கள்.

11. வாங்கின உடனே ஆர்வியை நிறுத்தி அங்கேயே தங்கிக்கலாம்ல?

ஆர்வி என்றால் உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி. உங்கள் நிலமே ஆனாலும் அனுமதி இல்லாமல் அதில் நிரந்தரமாகத் தங்க முடியாது. இந்தக் கவுண்டியில் இதை வைத்துப் புதிதாக வந்தவர்களுக்கும் அலுவலகத்துக்கும் 2015 வாக்கில் பெரிய சண்டையே நடந்தது. கழிவுத் தொட்டி அமைப்பு, தண்ணீருக்கு வழி, கட்டட அனுமதி மூன்றும் வரிசையாக வர வேண்டும். கழிவுத் தொட்டிக்கு மாநில விதியும் சேர்ந்துகொள்ளும். அந்தச் செலவு பல நேரம் மனை விலையை விட அதிகம். வரவு செலவுத் தாளில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

12. ரோடு, கரண்ட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம்?

வரைபடத்தில் இருக்கும் சாலைகளில் எதைக் கவுண்டி பராமரிக்கிறது, எதில் பனி அள்ளுகிறது என்று பட்டியல் கேளுங்கள். மின்கம்பி தூரத்தில் இருந்தால் சூரிய மின்சாரம்தான், வெயிலுக்குப் பஞ்சமில்லை. பள்ளி மாவட்டங்கள் இரண்டு: சான் லூயிஸில் சென்டென்னியல், பிளாங்கா பக்கம் சியரா கிராண்டே. பெரிய மருத்துவமனை பக்கத்துக் கவுண்டியில் அலமோசாவில் இருக்கிறது, சான் லூயிஸிலிருந்து சுமார் 68 கிலோமீட்டர். பனிக்காலத்தில் கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் இதை யோசித்தே ஆக வேண்டும்.

13. ஆடு மாடு வளர்க்கலாமா?

வளர்க்கலாம், தண்ணீர் யார் கொடுப்பது என்பதற்கு 4, 5 பதில்களைப் பாருங்கள். இங்கே ஒரு வித்தியாசம்: அடுத்தவன் மாடு நம் பயிரில் மேய்ந்தால் நம்மூரில் மாட்டுக்காரனைப் பிடிப்போம். கொலராடோவில் வேலி போட்டு மாட்டை வெளியே நிறுத்துவது நிலக்காரரின் பொறுப்பு. முள்கம்பி மூன்று வரிசை, சுமார் 20 அடிக்கு ஒரு கால் என்று சட்டம் சொல்லும் வேலி இருந்தால்தான் நஷ்ட ஈடு கேட்க முடியும்.

14. மரம் நிறைஞ்ச மலைப்பக்க மனை அழகா இருக்கே, அதை வாங்கட்டுமா?

அழகுதான். பிளாங்கா சிகரம் 4,370 மீட்டர் உயரம். நவஹோ மக்களுக்குக் கிழக்குத் திசையின் புனித மலை. தினமும் பார்த்தாலும் அலுக்காது. ஆனால் நாங்கள் வாங்கிய அதே வருடம் ஜூன் 27 அன்று ஃபோர்ட் கார்லண்ட் பக்கம் தீப்பிடித்தது. ஸ்பிரிங் கிரீக் தீ என்று பெயர். 1 லட்சத்து 8 ஆயிரம் ஏக்கர் எரிந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எங்கள் சமவெளி மனையில் நின்று பார்த்தால் கிழக்கு வானம் முழுக்க பழுப்பு நிறம்.

மலைப்பக்கம் வாங்குவதானால் வீட்டுக்குக் காப்பீடு கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும்.

15. பத்திரத்துல எதையெல்லாம் பார்க்கணும்?

குவிட்கிளெய்ம் பத்திரம் என்றால், விற்பவர் தனக்கு உரிமை இருந்தால் அதை உங்களுக்குத் தருகிறேன் என்று மட்டுமே அர்த்தம். உரிமை இருக்கிறது என்று அவர் உறுதி சொல்லவில்லை. அந்த உறுதியைத் தரும் வாரண்டி பத்திரம் கேளுங்கள், நில உரிமைக்கான காப்பீடான டைட்டில் இன்சூரன்ஸ் எடுங்கள். விலை குறைந்த மனைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று விற்பவர்கள் சொல்வார்கள். வில்லங்கம் பார்க்காமல் ஊரில் ஒரு சென்ட் வாங்குவோமா?

வரி பாக்கி இருக்கிறதா, மனைக்குப் போகச் சட்டப்படி வழி இருக்கிறதா, நிலத்தடி கனிம உரிமை உங்களோடு வருகிறதா என்று பாருங்கள். கனிம உரிமையைப் பிரித்து விற்பது கொலராடோவில் சாதாரணம். தண்ணீருக்கு 8-ஆம் பதிலின் கடைசிப் பத்தி.

16. நான் எச்1பி வேலை விசால இருக்கேன். வாங்கலாமா? விளைஞ்சதைச் சந்தையில விக்கலாமா?

வாங்கலாம். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1978-ஆம் வருடச் சட்டம் இது, பலருக்குத் தெரியவே தெரியாது. 10 ஏக்கருக்குள் இருந்து, வருமானமும் வருடம் 1,000 டாலரைத் தாண்டாவிட்டால் விலக்கு உண்டு. தெரிவிக்காமல் விட்டால் நிலத்தின் மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட முடியும். 5-ஆம் பதிலைப் படித்துவிட்டு 35 ஏக்கர் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

விற்பது வேறு விஷயம். உங்கள் விசா ஒரு நிறுவனத்தின் வேலைக்கு மட்டும். சந்தையில் கடை போட்டால் அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிடலாம். நீங்கள் சாப்பிடுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள். விற்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

17. சான் லூயிஸ்ல வாங்கினா மலையில விறகு வெட்டற, மாடு மேய்க்கற உரிமையும் கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. மானிய நிலத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு மலையில் மேய்ச்சல், விறகு, மரம் எடுக்கும் உரிமையைப் பழைய நில உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தார். 1960-இல் அந்த மலையை வாங்கிய ஒருவர் வழியை அடைத்துவிட்டார். வழக்கு பல பத்தாண்டு நடந்து, 2002-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் லொபாட்டோ வழக்கில் உரிமை உண்டு என்று தீர்த்தது. அந்த உரிமை, ஆரம்பக் குடியேற்றம் வரை தொடர்ச்சி காட்டக்கூடிய குறிப்பிட்ட நிலங்களோடுதான் போகிறது. பின்னால் பிரித்த 5 ஏக்கர் மனைகளுக்குக் கிடையாது. விற்பவர் உண்டு என்றால் ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஊரை ஒட்டி லா வேகா என்று 633 ஏக்கர் பொது மேய்ச்சல் நிலமும் இருக்கிறது, நம்மூர் மந்தைவெளி போல. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் பொது என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அதற்கும் உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

18. உள்ளூர்க்காரங்க நம்மளைச் சேர்த்துக்குவாங்களா?

ஏழெட்டுத் தலைமுறையாக ஸ்பானிய மொழி பேசி இங்கேயே வாழும் குடும்பங்கள் அவர்கள். வெளியிலிருந்து வந்து வாங்கியவர்களால் மலையை இழந்து, 40 வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள். வந்தவுடன் ‘நோ டிரெஸ்பாஸிங்’ பலகை அடிப்பவரை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? வாய்க்கால் தூர்வார முதல் ஆளாகப் போங்கள். எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் கதவைத் திறந்தது. பெரியவர்களை ‘டோன்’, ‘டோன்யா’ என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஐயா, அம்மா என்று வளர்ந்த நம் வாய்க்கு அது உடனே பழகிவிடும்.

19. எல்லாம் படிச்சாச்சு அக்கா. ஒரு மனை பிடிச்சிருக்கு. முதல்ல யாரைக் கூப்பிடட்டும்?

விற்பவரைக் கடைசியில் கூப்பிடுங்கள். மனை எண்ணை வைத்து முதலில் மாநில நீர்வளப் பிரிவுக்கு அலமோசாவில் உள்ள அலுவலகத்தைக் கூப்பிட்டு, இந்த மனைக்கு எந்த வகைக் கிணற்று அனுமதி கிடைக்கும் என்று கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அடுத்து கவுண்டியின் நிலப் பயன்பாட்டு அலுவலகம்; கேட்க வேண்டியவை 11, 12 பதில்களில் இருக்கின்றன. பிறகு பொருளாளர் அலுவலகத்தில் வரி பாக்கி. வாய்க்கால் நிலமானால் மயோர்தோமோ.

அதற்கப்புறம் மூன்று முறை நேரில் வாருங்கள்: ஜனவரியில் ஒரு முறை, புழுதிக்காற்று அடிக்கும் ஏப்ரலில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை. ஏப்ரலில் வரும்போது சொல்லுங்கள். தூர்வாரும் நாளாக இருந்தால் மண்வெட்டி நான் தருகிறேன், மதியச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான்.